கொழும்ப விட்டு திருகோணமலைப் பக்கம் குடும்பமா வந்திட்டு "ஏன் வந்தம்" எண்டு இருக்கிற ஆக்களுக்கு

இதை எழுதோணும் எண்டு கன நாளா நினைச்சனான். எனக்குத் தெரிஞ்சு நாலைஞ்சு குடும்பம் எங்களை மாதிரி 2022ல கொழும்ப விட்டு வெளிக்கிட்டதுகள், அதில அரைவாசிப் பேர் இப்ப வாய் திறந்து சொல்ல ஏலாத ஒரு வருத்தத்தோட இருக்கினம். நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள். வெள்ளவத்தையில வாடகை வீடு, பெற்றோல் லைன்ல இவர் ராத்திரி முழுக்க நிப்பார், காஸ் இல்ல, பத்துப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் கட், பிள்ளையளுக்கு ஸ்கூல் ஒழுங்கா இல்ல, அப்பதான் இவர் சொன்னார் தம்பலகாமத்தில அப்பாட வீடும் வயலும் சும்மா கிடக்கு, அங்க போவம் எண்டு. எனக்கும் சரியெண்டு பட்டது. வீட்டுச் சாமானை ஒரு லொறியில ஏத்திக்கொண்டு ஆவணி மாசம் வந்து இறங்கினம்.

ஒரு வருசம் போக முந்தியே நான் ராத்திரியில அழத் தொடங்கிட்டன். அப்ப ஆராவது வந்து "இதை இதை இப்பிடிப் பாருங்கோ" எண்டு சொல்லியிருந்தா எவ்வளவோ லேசா இருந்திருக்கும். அதான் எழுதுறன்.

முதல் வேலை, என்ன மாசம் எண்டு பாருங்கோ

சிரிப்பா இருக்கலாம் ஆனா உண்மையா சொல்லுறன். திருகோணமலை மாவட்டத்தில வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து தொடங்கினா ஆவணி புரட்டாதி வரைக்கும் மேற்கால நெருப்பு மாதிரி அடிக்கும், புல்லுக் காயும், கிணறு இறங்கும், மத்தியானம் வீட்டுக்குள்ள இருக்க ஏலாது. பிறகு ஐப்பசி கார்த்திகையில மழை தொடங்கினா தை வரைக்கும் சேறு, நுளம்பு, உடுப்புக் காயாது, ரோட்டை வெட்டிக்கொண்டு தண்ணி பாயும். கொழும்பில இருந்து வந்த ஆளுக்கு இந்த ரெண்டு காலமும் உடம்பை முறிச்சுப்போடும். நாங்கள் வந்தது கச்சான் நேரம், அது முடிய மழை, அப்ப முதல் ஆறு மாசமும் நாங்கள் கண்டது இந்த ஊரிட கஷ்டமான முகத்தை மட்டும்தான். மாசியில சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வருவார், அந்த நேரம் காத்துக் குளிர்ந்து, வயல் பழுத்து, ராத்திரியில ஒரு போர்வை தேவைப்படும், அப்பதான் எனக்கு முதல் தடவையா இஞ்ச மூச்சு விட ஏலுமெண்டு இருந்தது.

அதால ஆவணியிலயும் மார்கழியிலயும் ஒரு முடிவும் எடுக்காதேங்கோ. திரும்பிப் போறது எண்டாலும் இருக்கிறது எண்டாலும் மாசி பங்குனியில இருந்து கதையுங்கோ. ஒரு முழு வருசம், பெரும்போகம் சிறுபோகம் எண்ட ரெண்டு நெல்லுப் போகமும் பாத்த பிறகும் அதே வருத்தம் அதே அளவில இருந்தா அது காலநிலையால வந்த வருத்தம் இல்ல.

எதுக்கு வருத்தம் எண்டு பிரிச்சுப் போடுங்கோ

ஒரு மொனிட்டர் கொப்பி வாங்கினன். ஒவ்வொரு நாளும் இல்ல, மனம் சரியா நொந்த நாளில மட்டும் ஒரு வரி எழுதுவன், என்ன நடந்து அப்பிடி நொந்தது எண்டு. "கிராமம் வேண்டாம்" எண்டு எழுதக்கூடாது, அது ஒரு விசயத்தையும் சொல்லாது. "மீற்றிங் நடுவில சிக்னல் போட்டுது" "தண்ணி உப்பு, தலைமுடி கொட்டுது" "சின்னவனுக்கு ராத்திரி காய்ச்சல், வாகனம் இல்ல" இப்பிடி. மூண்டு மாசத்தில பாத்தா முக்கால்வாசி வரி வீட்டைப் பத்தியது, ஊரைப் பத்தியது இல்ல. அது எனக்குப் பெரிய ஆறுதலா இருந்தது ஏனெண்டா வீட்டைத் திருத்தலாம்.

வெக்கை எண்டா எங்கட வீடு சீற் போட்டது, அதுக்கு மேல கிடுகு வேய்ஞ்சு மேற்குப் பக்கம் ஒரு பத்தி இறக்கினம், பகலில நல்ல வித்தியாசம் தெரிஞ்சது. கிடுகு மாத்திக்கொண்டே இருக்கோணும், அது ஒரு செலவுதான். கிணத்துத் தண்ணியை ஒருக்கா நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்தில குடுத்துப் பாருங்கோ, கண்ணால பாத்து நல்ல தண்ணி எண்டு முடிவெடுக்காதேங்கோ, குடிக்கிறதுக்கு வேற தண்ணி எடுக்கோணுமோ எண்டு அப்பதான் தெரியும். சிக்னலுக்கு ரவுட்டரை அறைக்குள்ள வைக்காம வெளி அன்ரனா ஒண்டை உயரமான பைப்பில கட்டி டவர் இருக்கிற பக்கம் திருப்பி வைச்சனாங்கள், எந்தக் கொம்பனி சிம் அந்த வளவில எடுக்குது எண்டு பக்கத்து வீட்டுப் பொடியனைக் கேட்டா சரியா சொல்லுவான், கடைக்காரர் சொல்லுறதைக் கேக்காதேங்கோ. கரண்ட் போனா ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போதும்.

யானை. இதை ஆரும் வீடு மாற முந்திச் சொல்ல மாட்டினம். வேளாண்மை வெட்டி நெல்லை வீட்டுக்குள்ள அடுக்கினா அந்த வாசத்துக்கு யானை வந்து சுவரை இடிக்கும், அதால நெல்லை வீட்டில வைச்சிருக்காம கெதியா வித்துப்போடுங்கோ, இல்லாட்டி படுக்கிற அறைக்குப் பக்கத்தில மட்டும் வைக்காதேங்கோ. ராத்திரியில முத்தத்துக்கு இறங்க முந்தி டோர்ச் அடிச்சுப் பாக்கிறது பழக்கமா வரோணும், பாம்புக்கும் அது உதவும். யானை வெளிச்சத்தில நிண்டா அதைப் படம் எடுக்கப் போகாதேங்கோ, உள்ளுக்கு வந்து கதவைச் சாத்துங்கோ, ஊர் ஆக்களுக்கு போன் போடுங்கோ, அவைக்கு என்ன செய்யிறது எண்டு தெரியும்.

நோய் நொடி எண்டா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் இஞ்சயும் வரும், காசு இல்ல, ஆனா "வெள்ளவத்தை இத்தினையாம் லேன்" எண்டு சொன்ன மாதிரி இஞ்ச விலாசம் சொல்ல ஏலாது. எந்த ஜி.எஸ் (கிராம சேவகர்) பிரிவு, எந்தக் கோயிலடி, மெயின் ரோட்டில இருந்து எத்தினையாவது ஒழுங்கை எண்டு ஒரு தாளில எழுதி கதவுக்குப் பின்னால ஒட்டி வைச்சு, வீட்டில உள்ள எல்லாரையும், சின்னவனையும், ஒருக்கா வாசிச்சுப் பழகச் சொல்லுங்கோ. அந்தக் காய்ச்சல் ராத்திரியில என்ர வாயில விலாசம் வரேல்ல, அந்தப் பயம் எனக்கு இண்டைக்கும் இருக்கு.

கொப்பியில மிச்சம் இருக்கிற கால்வாசிதான் உண்மையான பிரச்சினை. எங்களுக்கு அது ரெண்டு, ஒண்டு மகளிட படிப்பு, மற்றது ஆக்கள், வீட்டு ஆக்களும் ஊர் ஆக்களும்.

ஆருக்கு வருத்தம் எண்டு கண்டுபிடிக்கிறது

இதில கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லப்போறன், ஏனெண்டா நாங்கள் பிழை விட்ட இடம் இதுதான். வீடு மாறினா குடும்பத்தில எல்லாரும் ஒரே அளவா இழக்கிறேல்ல. நான் நினைச்சது கூட இழந்தது நானும் மகளும் எண்டு. அவளுக்கு வெள்ளவத்தையில வயலின் கிளாஸ், கூட்டாளிப் பிள்ளையள், பின்னேரம் கடற்கரை எல்லாம் இருந்தது, இஞ்ச வந்து நாலு மாசம் அவள் வயலின் பெட்டியைத் திறக்கேல்ல. நான் அதைப் பாத்துக்கொண்டு அழுவன். சின்னவன் வாய்க்காலும் மாட்டுக்கண்டுமா சந்தோசமா இருந்தான். மாமிக்கு அவட ஊர், சொல்ல வேணுமே.

இவரைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. அவர் கேட்டு வந்த இடம் தானே, அவருக்கு என்ன குறை எண்டு ஒரு கோவம் கூட உள்ளுக்குள்ள இருந்தது. ஒரு நாள் இரவு எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்து, இஞ்ச வந்து என்ன இழந்தனீங்கள் என்ன கிடைச்சது எண்டு எழுதச் சொன்னன். மகள் ரெண்டு பக்கமும் நிறைச்சாள். மாமி சொல்லச் சொல்ல சின்னவன் எழுதினான். இவர் தாளை மடிச்சு சட்டைப் பையில வைச்சிட்டு வயலுக்குப் போட்டார். ரெண்டு நாள் கழிச்சு உடுப்புத் தோய்க்கேக்க எடுத்துப் பாத்தா வெறும் தாள்.

அதுக்குப் பிறகும் ஒரு கிழமை அவர் ஒண்டும் சொல்லேல்ல. கேட்டா "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கிறன்" எண்டுவார். ஒருநாள் விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பிப் பாத்தா வெளித் திண்ணையில இருக்கிறார், கையில போனில கணக்கு. அந்த முதல் பெரும்போகம் வெட்டுற நேரம் மழை வந்து கதிர் சாய்ஞ்சு, மெசின் இறங்க ஏலாம, பிறகு வித்த விலையும் காணாம, எடுத்த கடனில பாதி நிண்டது. அப்பதான் சொன்னார், "நீர் என்னை நம்பித்தானே வந்தனீர், நானே பிழையெண்டு எப்பிடிச் சொல்லுறது". எனக்கு நெஞ்சு வெடிச்ச மாதிரி இருந்தது. ஒரு வருசமா நான் அழுதழுது அந்த மனுசனிட வாயை அடைச்சுப்போட்டன் எண்டு அண்டைக்கு விளங்கினது.

அதால நான் சொல்லுறது, வீடு மாறுற யோசனையை ஆர் முதல்ல சொன்னதோ அந்த ஆளை முதல்ல கேளுங்கோ. அந்த ஆளுக்குத்தான் வாய் திறக்கிறது கஷ்டம். கேக்கிற விதமும் இருக்கு, "நீங்கள் தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்" எண்ட வசனத்தை வீட்டில ஆரும் சொல்லுறேல்ல எண்டு ஒரு கட்டு வையுங்கோ, கோவம் வந்தாலும் சொல்லுறேல்ல. முகத்துக்கு முகம் கேக்காம ஏதாவது வேலை செய்துகொண்டு கேளுங்கோ. நாங்கள் கதைச்சது எல்லாம் நெல்லுக் காயப்போட்டு காகம் கலைச்சுக்கொண்டு இருக்கேக்கதான். பிள்ளையளுக்கு முன்னால ஊரைக் குறை சொல்லாதேங்கோ, மாமிக்கு முன்னால அறவே சொல்லாதேங்கோ, அது அவட ஊர், அவ பிறந்து வளந்த மண்.

ஊர் ஆக்களோட சேருறது

கன காலம் எங்களுக்கு "கொழும்பு ஆக்கள்" எண்டுதான் பேர். நான் போய்ப் போய்க் கதைக்கப் பாத்தன், பலகாரம் குடுத்துப் பாத்தன், ஆக்கள் மரியாதையா வாங்குவினம் அவ்வளவுதான். மாறினது ஒரு செத்த வீட்டில. பக்கத்து ஒழுங்கையில ஒரு அப்பு மோசம் போனார், மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போனா, நான் போய்க் கும்பிட்டிட்டு வராம பின்னுக்குப் போய் தேத்தண்ணி ஊத்தி, கோப்பை கழுவி, எட்டுச் செலவு வரைக்கும் போய் வந்தன். அதுக்குப் பிறகு என்னை "பிள்ளை" எண்டு கூப்பிடத் தொடங்கினவை. கலியாண வீட்டுக்கு அழைப்பு வரோணும், செத்த வீட்டுக்கு அழைப்பு இல்ல, அதால அங்க போய் வேலை செய்யிற ஆள் அந்த ஊர் ஆள். தனிமை எண்டு வருத்தப்படுற ஆக்கள் முதல்ல இதைச் செய்துபாருங்கோ, இதுக்குப் பிறகும் தனிமையா இருந்தா அதை ஒரு உண்மையான காரணமா கொப்பியில எழுதுங்கோ.

பிள்ளையளிட படிப்பு, இதில திகதி முக்கியம்

மனம் சரியா வரும் வரைக்கும் பொறுப்பம் எண்டு மற்ற விசயங்களை விடலாம், இதை விட ஏலாது. ஊரில இருக்கிற பள்ளிக்கூடம் என்ன வகை எண்டு முதல்ல கேளுங்கோ. 1ஏபி எண்டா ஏ.எல்லில (உயர்தரத்தில) விஞ்ஞானம் கணிதம் இருக்கும், 1சி எண்டா கலை வர்த்தகம் மட்டும், வகை 2 எண்டா ஓ.எல்லோட (சாதாரண தரம், பதினோராம் வகுப்பு) சரி, வகை 3 எண்டா அதுக்கும் கீழ. நாங்கள் இதைக் கேக்காமத்தான் வந்தனாங்கள். மகளுக்கு பயோ செய்ய ஆசை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில அந்தப் பிரிவே இல்ல, டவுன் பள்ளிக்கூடத்துக்கு விடிய பஸ், பின்னேரம் ரியூசன், வீட்டுக்கு வர இருட்டிப்போகும், அந்த ரோட்டில இருட்டில ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய வாறதை நினைச்சு எனக்கு ஒவ்வொரு நாளும் வயித்தைக் கலக்கும்.

சரி அப்ப கொழும்புக்கே திரும்பிப் போவம் எண்டு நினைச்சா அங்கதான் ஒரு விசயம் இருக்கு, கன பேர் பாக்கிறேல்ல. மருத்துவம் பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கு கம்பஸ் இடம் 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவான தகுதியில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா. திருகோணமலை அந்தப் பின்தங்கின மாவட்டங்களுக்குள்ள வருது, கொழும்பு வராது. எந்த மாவட்டம் எண்டு தீர்மானிக்கிறது ஏ.எல் சோதனைக்கு முந்தின மூண்டு வருசம் பிள்ளை எங்க படிச்சது எண்டதை வைச்சு. அப்ப ஓ.எல் நேரத்தில, ஏ.எல் நடுவில எண்டு இடையில மாறினா பிள்ளையிட மாவட்டமே மாறிப்போகலாம். மாறுறதெண்டா ஒன்பதாம் வகுப்பு முடிய முந்தி மாறுங்கோ, இல்லாட்டி ஏ.எல் முடியும் வரைக்கும் இந்த மாவட்டத்துக்குள்ளயே இருங்கோ. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிட கைநூல் ஒவ்வொரு வருசமும் வருது, அதை எடுத்து உங்கட பிள்ளையிட ஆண்டுக்கு என்ன போட்டிருக்கு எண்டு வரிக்கு வரி வாசியுங்கோ, ரியூசன் சேர் சொன்னார் எண்டு விடாதேங்கோ.

சின்னப் பிள்ளை இருந்தா முதலாம் வகுப்புக்கு வாக்காளர் இடாப்பில எங்க எத்தினை வருசம் பேர் இருக்கு எண்டு பாப்பினம், அதால திரும்பிப் போற யோசனை இருக்கிற ஆக்கள் பேரை எங்க பதியிறது எண்டு யோசிச்சுப் பதியுங்கோ. விடுகைப் பத்திரம் எடுக்க முந்தி புதுப் பள்ளிக்கூடத்தில இடம் இருக்கு எண்டு எழுத்தில வாங்குங்கோ. எங்கட சின்னவன் வந்த புதுசில ஆறு கிழமை ஒரு பள்ளிக்கூடமும் இல்லாம வீட்டில இருந்தவன், வாய்ச்சொல்லை நம்பினதால.

காணியும் காசும்

இதில சுருக்கமா. உங்கட காணி உறுதி இருக்கிற சொந்தக் காணியோ, அரசாங்கம் குடுத்த பெர்மிட் காணியோ எண்டு பாருங்கோ. பெர்மிட் எண்டா பிரதேச செயலாளரிட அனுமதி இல்லாம விக்க ஏலாது, அப்ப "பிடிக்காட்டி வித்திட்டுப் போவம்" எண்ட கதைக்கு இடமில்ல, அதில பெருசா வீடு கட்டிக் காசைப் புதைக்காதேங்கோ. கொழும்பில சொந்த வீடு இருந்தா முதல் ரெண்டு வருசம் விக்காதேங்கோ, வாடகைக்கு விடுங்கோ. வயலை நீங்களே செய்யத்தான் வேணும் எண்டு இல்ல, எங்கட வயலுக்கு கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயுது, அதால குத்தகைக்குக் கேட்டு ஆக்கள் வருவினம். இவர் அடுத்த போகம் பாதியைக் குத்தகைக்குக் குடுத்திட்டு பாதியை மட்டும் செய்தார், அந்த வருசம்தான் ராத்திரியில நித்திரை கொண்டார்.

போய் இருந்து பாருங்கோ

முடிவெடுக்க முந்தி ஒரு லீவுக்கு மூண்டு கிழமை கொழும்பில போய் இருங்கோ. விருந்தாளியா இல்ல. நாங்கள் தங்கச்சி வீட்டில ஒரு அறையில இருந்து, சமைச்சு, பஸ்ஸில போய், வாடகை வீடு தேடி, பள்ளிக்கூட வாசலில நிண்டு பாத்தம். நான் நாலு வருசத்துக்கு முந்தின வெள்ளவத்தையைத்தான் மனசில வைச்சிருந்தன் எண்டு அப்பதான் தெரிஞ்சது. மகளிட கூட்டாளிப் பிள்ளையளில ரெண்டு பேர் வெளிநாடு போட்டுதுகள். வாடகையைக் கேட்டிட்டு இவர் ஒண்டும் கதைக்கேல்ல. திரும்பி ராத்திரி ரயிலில வரேக்க கல்ஓயாச் சந்தியில ரயில் நிக்குது, எல்லாரும் நித்திரை, மகள் மட்டும் முழிச்சிருந்து கேட்டாள், "அம்மா, டவுனில இருக்க ஏலாதா?"

நாங்கள் கொழும்பு இல்லாட்டி தம்பலகாமம் எண்டு ரெண்டை மட்டும்தான் வைச்சுச் சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். உங்கட வீட்டிலயும் அப்பிடி இருந்தா இடையில என்ன இருக்கு எண்டு ஒருக்கா எழுதிப் பாருங்கோ, டவுன், உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா எண்டு. நாங்கள் இப்ப டவுனுக்குள்ள உவர்மலையில ஒரு சின்ன வாடகை வீட்டில. மகளுக்கு பள்ளிக்கூடமும் ரியூசனும் நடந்து போற தூரம். இவர் கிழமைக்கு மூண்டு நாள் பைக்கில வயலுக்குப் போவார். மாமி தம்பலகாமத்திலதான், அவவைத் தனிய விட்டதா ஊர் கதைக்கும் எண்டு பயந்தம், அதால வெளிக்கிட முந்தி அவவோட இருந்து கதைச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ராத்திரியில வந்து படுக்க ஒழுங்கு செய்து, சனி ஞாயிறு நாங்கள் எல்லாரும் அங்க எண்டு முடிவு பண்ணினம். உங்கட வீட்டிலயும் வயசான ஆள் இருந்தா அவைக்குக் கடைசியா சொல்லாதேங்கோ, முதல்ல சொல்லுங்கோ.

கொப்பி இப்பவும் இருக்கு. வருசத்தில ரெண்டு தரம், மாசியில ஒருக்கா, ஆவணி லீவில ஒருக்கா, எல்லாரும் இருந்து எழுதுவம், ஆவணியில எழுதுறதை வைச்சு முடிவெடுக்கிறேல்ல. ஆளுக்கு ஒரு பக்கம். போன மாசியில இவரிட பக்கத்தில ஏழு வரி இருந்தது.